"வண்டி குதிக்குது பெரியம்மா"

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் லோடு வண்டி வைத்திருப்பவர்களும், லோடு வண்டி ஓட்டுகிற பிள்ளைகளைப் பெற்றவர்களும் கடைசி வரை படித்துவிடுங்கள். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

என் தங்கை மகன் மீன் வண்டி ஓட்டுகிறான் என்பது என் பதிவுகளைப் படிப்பவர்களுக்குத் தெரியும். தங்கை வீட்டுக்காரர் போன பிறகு அந்த வீட்டுக்கு அவன் சம்பாத்தியம்தான். விடியற்காலை அன்னங்கோயிலில் மீன் ஏற்றினால் சிதம்பரம், சில நாள் நெய்வேலி, சில நாள் பண்ருட்டி. பதினோரு மணிக்கு மேல் காலி வண்டியோடு பரங்கிப்பேட்டை திரும்புவான். வண்டி பழைய பிக்கப். குட்டி யானையைவிடப் பெரியது. நான் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஒன்றரை லட்சம் கொடுத்தேன். மீதி கடன். மாதத் தவணை 14,000.

முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். வண்டி வாங்கிய இரண்டாம் மாதம் அவன் வந்து கேட்டான்.

"பெரியம்மா, எல்லாரும் பின்னாடி ஒரு பட்டை ஏத்தித்தான் ஓட்டுறாங்க. ஏத்திட்டா பின்பக்கம் தாழாது. நாலு பொட்டி கூடப் போடலாம். செய்யட்டுமா?"

பட்டை என்றால் வண்டியின் பின்சக்கரத்துக்கு மேலே வில் மாதிரி வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமே, அந்த எஃகுத் தகடு. எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. "எல்லாரும் செய்றதுதானே, செஞ்சுக்கோ" என்றேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் "எல்லாரும் செய்றாங்கன்னு நீயும் செய்வியா?" என்று கேட்ட வாய் இது.

ஆளுக்கொரு பக்கம் ஒரு தடித்த பட்டை ஏறியது. நாலு பெட்டி கூடப் போனது. தவணையும் தவறாமல் போனது.

மூன்று மாதத்தில் புலம்ப ஆரம்பித்தான். "வண்டி குதிக்குது பெரியம்மா. இடுப்பு போகுது." குதித்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்று தெருவில் நான்கு பேர் சொன்னார்கள். நாங்களே ஒரு பட்டறையில் போய் "ஷாக் மாத்துங்க" என்றோம். மாற்றினார்கள். குதிப்பு போகவில்லை. விலை குறைந்ததைப் போட்டதால்தான் இப்படி என்று நாங்களே முடிவு செய்து, இன்னும் கொஞ்சம் காசு போட்டு வேறு ஜோடி மாற்றினோம். இரண்டு முறைக்கும் சேர்த்து 7,000க்கு மேல் ஆனது. வண்டி அப்படியேதான் குதித்தது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் சிதம்பரம் சார்நிலைக் கருவூலத்தில் எனக்கு ஓய்வூதிய வேலை இருந்தது. முடித்து வெளியே வந்தேன். அவனும் மீன் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். "ஏறுங்க பெரியம்மா, பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கிறீங்க" என்றான். ஏறினேன்.

வெள்ளாற்றுப் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் என் தலை கூரையைத் தொட்டுத் தொட்டு வந்தது. பி.முட்லூரில் திரும்பி ஊர் ரோட்டில் வருகிறோம். லேசான தூறல். ஒரு வேகத்தடைக்கு முன்னால், சைக்கிளில் ஒரு பெண் குழந்தை ஓரத்திலிருந்து நடு ரோட்டுக்கு வந்துவிட்டது. சீருடை போட்ட குழந்தை. இவன் பிரேக் மிதித்தான். வண்டியின் முன்பக்கம் குனிந்தது. பின்பக்கம் தடதடவென்று குதித்துக்கொண்டே வலப்பக்கமாக நகர ஆரம்பித்தது. பின்சக்கரம் ரோட்டைப் பிடிக்கவே இல்லை என்பது என் உட்காருமிடத்துக்கே தெரிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு முழம் இடைவெளியில் நின்றோம். அது பாட்டுக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் பத்து நிமிடம் வண்டியை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலமே நான் அவனை வேறு ஒரு பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர். இப்போது அவருக்கே நாற்பது வயதுக்கு மேல். ஊரில் எல்லாருக்கும் பாய். எனக்கு மட்டும் இன்னும் "தம்பி". "வாங்க டீச்சர்" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வண்டி குதிக்குதுப்பா" என்றேன்.

அவர் வண்டியைப் பார்க்கவே இல்லை. என் தங்கை மகனைப் பார்த்தார். "எப்ப குதிக்குது? லோடோடயா, காலியாவா?"

"காலியாத்தான் பாய். லோடு இருந்தா பரவால்ல."

"ஒரு பள்ளம் விழுந்தா, ஒரே தடவை தூக்கிப் போடுதா? இல்ல, பள்ளம் தாண்டின பிறகும் மேலயும் கீழயும் ஆடிக்கிட்டே வருதா?"

அவன் யோசித்தான். "தூக்கித்தான் போடுது. ஆடல."

"ஒரு குறிப்பிட்ட வேகத்துல மட்டும் நடுங்குதா?"

"இல்ல."

"அப்ப ஷாக்குல கோளாறு இருக்காதே. எதுக்கு மாத்தினீங்க?"

எனக்குச் சுரீர் என்றது. ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்களுக்குத் தெரியும். எந்தப் பிள்ளைக்கு என்ன ஆனாலும் "வயிறு வலிக்குது டீச்சர்" என்றுதான் சொல்லும். பசியும் வயிற்று வலிதான். வாய்ப்பாடு ஒப்பிக்க பயமும் வயிற்று வலிதான். உண்மையான வயிற்று வலியும் அதேதான். எந்த டீச்சரும் உடனே மாத்திரை எடுத்துக் கொடுக்க மாட்டார். "காலையில சாப்பிட்டியா?" என்று இரண்டாவது கேள்வி கேட்பார். வண்டி விஷயத்தில் நான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. "குதிக்குது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நோய் இருந்திருக்கிறது.

பாய் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

ஸ்பிரிங்கின் வேலை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பது. பள்ளத்தில் விழுந்த வேகத்தை வாங்கிக்கொள்ளும், உடனே திருப்பிக் கொடுக்கும். விட்டால் கொடுத்து வாங்கி, கொடுத்து வாங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஷாக் அப்சார்பரின் வேலை அந்த ஆட்டத்தைச் செலவழித்துத் தீர்ப்பது. அதற்குள்ளே எண்ணெய் இருக்கிறது. வண்டி ஆடும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கியடித்துப் போகிறது. ஆட்டம் சூடாக மாறிவிடுகிறது. ஆகவே பள்ளம் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே வந்தால் ஷாக் போய்விட்டது என்று பொருள். ஒரே தடவை உதைத்துத் தூக்கிப் போட்டால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கிறது, அல்லது எங்கோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கினால் டயரையும் சக்கரத்தையும் பார்க்க வேண்டும்.

கார் மூலையைக் கையால் அமுக்கிவிட்டுப் பார்ப்பார்களே, அந்தச் சோதனை லோடு வண்டியின் பின்பக்கத்துக்கு அவ்வளவாக உதவாதாம். பட்டை விறைப்பு. ஒரு ஆள் அமுக்கினால் அசையாது. அதனால் அவர் வேறு வழி வைத்திருந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கரடுமுரடான ரோட்டில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போய் வந்தார். இறங்கியவுடன் இரண்டு ஷாக்கையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தன. எண்ணெய்க் கசிவும் இல்லை. "ரெண்டும் வேலை செய்யுது டீச்சர். ஒன்னு சில்லுன்னு இருந்தா அது செத்துப் போச்சுன்னு அர்த்தம்."

பிறகு "சாக்பீஸ் இருக்கா டீச்சர்?" என்றார். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் என் கைப்பையில் ஒரு துண்டு இருக்கும். கொடுத்தேன்.

பட்டையின் முன்முனை சட்டத்தோடு நிலையாக மாட்டியிருக்கிறது. பின்முனை ஷாக்கிள் என்ற சின்ன ஊஞ்சலில் தொங்குகிறது. ஏன் ஊஞ்சல்? வளைந்த வில்லை அமுக்கினால் அது தட்டையாகும். தட்டையானால் நீளும். நீளுவதற்கு இடம் வேண்டும். அந்த ஊஞ்சல் ஆடித்தான் இடம் கொடுக்கிறது. பாய் இரண்டு பக்கமும் ஊஞ்சலின் மேலும் அது மாட்டியிருக்கும் கொண்டியின் மேலும் சேர்த்து ஒரே நேர்க்கோடாகச் சாக்பீஸால் இழுத்தார். பட்டறையில் இருந்த பையன்கள், டீ குடிக்க வந்தவர்கள் என்று எட்டு பேரைப் பின்னால் ஏற்றினார். குனிந்து பார்க்கச் சொன்னார்.

வலப்பக்கம் கோடு உடைந்து, மேல் துண்டும் கீழ்த் துண்டும் விலகி நின்றன. இடப்பக்கம் கோடு கோடாகவே இருந்தது. எட்டு பேர் ஏறியும் அந்த ஊஞ்சல் நகரவில்லை.

"துரு புடிச்சு இறுகிப் போச்சு. மீன் வண்டில இது சகஜம் டீச்சர். ஐஸ் கரைஞ்ச உப்புத் தண்ணி ஓட்டை வழியா நேரா இங்கதான் விழுது."

ஆக, காரணம் ஒன்றல்ல. அவர் சொன்ன வரிசையிலேயே தருகிறேன். முதலாவது, நாங்கள் ஏற்றிய பட்டை. கம்பெனியே பாரத்துக்கென்று அடியில் ஒரு தட்டைப் பட்டை வைத்திருக்கிறது. அது பாரம் ஏறி வில் தாழ்ந்த பிறகுதான் வேலைக்கு வரும். காலியாக இருக்கும்போது சும்மா இருக்கும். நாங்கள் போட்டது எப்போதும் வேலை செய்கிற பட்டை. காலி வண்டிக்கும் அதே விறைப்பு. இரண்டாவது, இறுகிப்போன இடப்பக்க ஷாக்கிள். மூன்றாவது, பட்டைகளுக்கு நடுவில் துரு ஏறி, ஒன்றன் மேல் ஒன்று வழுக்காமல் ஒட்டிக்கொண்டது. நான்காவது, காற்று. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காலிக்கு ஒரு அளவு, பாரத்துக்கு ஒரு அளவு போட்டிருக்கிறது. இவன் பாரத்துக்கான அளவைவிடவும் பத்து பாயின்ட் கூட அடித்து, அதோடேயே காலியாகவும் ஓட்டியிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தனி ஊசல் பாடம் ஞாபகம் வந்தது. நூலில் கல்லைக் கட்டி ஆடவிட்டு, பிள்ளைகளை எண்ணச் சொல்வேன். நூல் நீளமானால் நிதானமாக ஆடும். குட்டையானால் படபடக்கும். வில்லுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். மேலே உள்ள எடையால் ஒரு வில் எத்தனை சென்டிமீட்டர் தாழ்கிறதோ, அத்தனை சென்டிமீட்டர் நூல் உள்ள ஊசலின் வேகத்தில்தான் அது ஆடும். 16 சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஒரு ஆட்டத்துக்கு 0.8 நொடி. 4 சென்டிமீட்டர்தான் தாழ்ந்தால் 0.4 நொடி. விறைப்பான வில்லின் மேல் காலிப் பெட்டியை வைத்தால் வில் தாழ்வதே இல்லை. ஆகவே படபடவென்று உதைக்கும். உதைத்த நேரத்தில் டயர் தரையை விட்டு எழும்பும். தரையைத் தொடாத சக்கரத்துக்கு என்ன பிரேக் போட்டு என்ன பயன்? இந்தப் பாடத்தை எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! என் வீட்டு வண்டிக்கு அது பொருந்தும் என்று தோன்றவே இல்லை.

நம் முன்னோர்கள் இதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். கட்டை வண்டி வேறு, வில் வண்டி வேறு. புவனகிரியில் என் தாத்தா வீட்டில் வில் வண்டி இருந்தது. நெல் மூட்டைக்குக் கட்டை வண்டி, பெண்பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப்போக வில் வண்டி. வில் வண்டியில் மூட்டை ஏற்றத் தாத்தா ஒருநாளும் விட்டதில்லை. வில்லுக்கு ஒரு அளவு உண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் வேலை ஆரம்பித்தார்கள். இடப்பக்க ஷாக்கிள் பின் சுத்தியலுக்கு அசையவில்லை. கேஸ் வைத்து அறுத்துத்தான் எடுத்தார்கள். பட்டைக் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார்கள். தேய்த்தபோதுதான் பாய் என்னைக் கூப்பிட்டார். இடப்பக்கம் இரண்டாவது பட்டையில், நடு போல்ட் போகும் ஓட்டையிலிருந்து ஓரம் நோக்கி ஒரு தலைமுடி விரிசல்.

"இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா ஒடிஞ்சிருக்கும் டீச்சர். லோடோட ஒடிஞ்சா அச்சு ஒரு பக்கம் இழுத்துக்கும்."

தங்கையும் அப்போது அங்கேதான் நின்றாள். அவள் ஒன்றும் பேசவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் காட்டினார். பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி போகிறது. அது ஒரு வால்வோடு சேர்ந்தது. பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து, பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் கொடுக்கலாம் என்று அந்த வால்வு கணக்குப் போடுகிறது. நாங்கள் பட்டை ஏற்றியதால் முழு பாரத்திலும் பின்பக்கம் தாழவில்லை. வால்வு பாவம், வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருந்தது. லோடோடு போகும்போது பின் பிரேக் குறைவாகத்தான் வேலை செய்திருக்கிறது. காலியாக வரும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைத்திருந்தோம். போகும்போதும் இருந்திருக்கிறது.

விரிசல் விட்ட பட்டைக்குப் புதுப் பட்டை, நான்கு புது யூ போல்ட், புது புஷ், புது பின். பட்டைகளுக்கு நடுவில் கிராஃபைட் கிரீஸ். புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் நிற்கும்போது முழுசாக முறுக்கவில்லை. இறக்கி, தன் எடையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு. தூக்கிய நிலையில் முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும் என்றார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வந்து யூ போல்ட்டை மறுபடி முறுக்கிக்கொள்ளச் சொன்னார். மொத்தம் 9,500 ஆனது.

உட்கார்ந்திருந்த நேரத்தில் நம்மூர் இரும்பைப் பற்றிப் பையன்களுக்குச் சொன்னேன். 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புத்தாது, மரக்கரி உலை. அதே ஹீத் 1839இல் இங்கிலாந்தில், மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று வண்டிப் பட்டைக்கான எஃகிலும் மாங்கனீசு உண்டு. "நம்ம ஊர்ல இரும்பு உருக்கினாங்களா டீச்சர்?" என்று ஒரு பையன் வாயைப் பிளந்தான். கையில் இருந்த துருவைத் தட்டிவிட்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தான்.

கஷ்டமான பேச்சு கடைசியில்தான் வந்தது. கழற்றிய இரண்டு தடித்த பட்டைகளும் தரையில் கிடந்தன.

"இத மறுபடி போடட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றார் பாய்.

தங்கை மகன் தலையைக் குனிந்துகொண்டான். "போடலைன்னா நாலு பொட்டி குறையும் பாய். தவணை யாரு கட்டுவா?"

அவன் கேட்டது நியாயம்தான். அவன் ஆசைக்கு ஏற்றவில்லை. தவணைக்கு ஏற்றினான். நானும் அந்தத் தவணையை நினைத்துத்தான் "செஞ்சுக்கோ" என்றேன். அன்றிரவு மூன்று பேரும் உட்கார்ந்து நோட்டுப் போட்டு எழுதினோம். நாலு பெட்டியால் கூட வந்த பணம் ஒரு பக்கம். இரண்டு தடவை ஷாக், சீக்கிரம் தேய்ந்த டயர், இந்த 9,500, வேலைக்குப் போகாத நான்கு நாள் இன்னொரு பக்கம். அதிக பாரத்துக்குப் பிடித்தால் சட்டப்படி 20,000 அபராதம், மேலே டன்னுக்கு 2,000. அதை எழுதவே இல்லை. எழுதாமலேயே இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமாக வந்தது. அந்தச் சைக்கிள் குழந்தையை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

பட்டையைப் போடவில்லை. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டோம். மீன் வியாபாரி ஒருவர் முகம் சுளித்து, வேறு வண்டி பார்த்துக்கொண்டார். அது நஷ்டம்தான். இப்போது வாரத்தில் இரண்டு நாள், காலியாகத் திரும்புவதற்குப் பதில் சிதம்பரத்திலிருந்து மளிகைச் சரக்கு ஏற்றி வருகிறான். தவணைக்கு இன்னும் இழுபறிதான். இரண்டு மாதம் நான் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். அதைச் சொல்வதில் வெட்கமில்லை. தப்பில் பங்கு இருந்தால் செலவிலும் பங்கு இருக்க வேண்டும்.

போன வாரம் மறுபடி அவனோடு சிதம்பரத்திலிருந்து வந்தேன். பாலத்து இணைப்புகள் இப்போதும் தெரிகின்றன. "காலி லோடு வண்டி கார் மாதிரி போகாது டீச்சர், அத மட்டும் எதிர்பாக்காதீங்க" என்று பாய் முன்னாடியே சொல்லியிருந்தார். ஆனால் அதே வேகத்தடையில் வண்டி ஒரு தடவை எழும்பி, தொம்மென்று இறங்கி, நின்றுவிட்டது. பிரேக் போட்டுக் காட்டச் சொன்னேன். நேராக நின்றது.

மீன் ஏற்றுகிறவர்கள் தினமும் வேலை முடிந்ததும் அடிப்பக்கத்தை, முக்கியமாகப் பட்டை முனைகளை, நல்ல தண்ணீரால் கழுவுங்கள். காற்று அளவைக் கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து வையுங்கள். வண்டி குதித்தால் பாகம் வாங்குவதற்கு முன், காலியாகவா லோடோடா, ஒரு தடவையா பல தடவையா, எல்லா வேகத்திலுமா ஒரே வேகத்திலா என்று கவனித்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

ஷாக்கிள் அசைகிறதா என்று பார்க்க ஒரு சாக்பீஸ் போதும். பள்ளிக்கூடத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.